எல்லை போடாத வீடு

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. வாயால் சொல்லலாம்தான், ஆனால் நாலு பேருக்கு முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

பேய் பிசாசில் எனக்கு எந்த நாளும் நம்பிக்கை இருந்ததில்லை. கனடாவுக்கு வந்து பிறம்ரனில் வேர்ஹவுஸ் வேலை செய்த காலத்தில், ஆளில்லாமல் சாமான் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓடியது என்று கூட வேலை செய்தவர்கள் சத்தியம் பண்ணுவார்கள். பிறேக் போடாமல் விட்டவன் யார் என்றுதான் நான் யோசிப்பேன். இப்போது நான் சொல்லப்போவதை வேறு ஒருவர் எழுதியிருந்தால் அதையும் நம்பியிருக்க மாட்டேன். ஆகவே நீங்கள் நம்பாவிட்டால் எனக்குக் குறை இல்லை.

வேர்ஹவுசில் முதுகு பிடித்துக்கொண்ட பிறகு வீடு துப்புரவாக்கும் வேலைக்கு வந்தேன். மில்லிக்கனில் இருக்கும் என் வீட்டிலிருந்து காரில் இருபது நிமிடம் போனால் மரங்கள் அடர்ந்த ஒரு பள்ளம் வரும், கீழே சிறிய ஆறு ஓடும். அந்தச் சரிவில்தான் நான் வேலை செய்யும் வீடு இருக்கிறது. வீட்டுக்காரர் எங்கள் ஆள், வசதியானவர். அமெரிக்காவில் ஒரு கட்டடக் கலைஞர் கட்டிய வீடுகளைப் பார்த்து ஆசைப்பட்டு, அவரையே கூப்பிட்டுப் படம் வரைவித்தாராம். ஒரு மரம்கூட வெட்டவில்லை. பழைய மேப்பிள் மரம் ஒன்று நின்ற இடத்தில் சுவரை வளைத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். காட்டுப் பக்கம் முழுவதும் தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி, வெளியே போகும் கதவும் கண்ணாடிதான். நடு அறையில் பதித்த அதே கறுப்புக் கல்லே கண்ணாடிக்குக் கீழால் வெளியே போய் மரங்களுக்குள் முடிகிறது. நடுவில் படியும் இல்லை, நிலையும் இல்லை. வீடு எங்கே முடிகிறது, காடு எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாததுதான் நல்ல வீடு என்று அந்த அமெரிக்கர் சொன்னாராம்.

வீட்டுக்காரரும் மனைவியும் வேலைக்குப் போய்விடுவார்கள். வாரத்தில் மூன்று நாள் மத்தியானம் ஒரு மணியிலிருந்து ஐந்து மணிவரை வீட்டைத் துடைப்பதும் வீட்டுக்காரரின் தகப்பனாரைப் பார்த்துக்கொள்வதும் என் வேலை. அவருக்கு எண்பத்திரண்டு வயது. ஊரில் காணி அளந்த சேர்வேயர். இப்போது மறதி தொடங்கிவிட்டது, ஆனால் வாய் மட்டும் குறையவில்லை.

"நாப்பது வருசம் சனத்தின்ரை காணிக்கு எல்லை போட்டனான். உந்த வீட்டுக்கு எல்லை எங்கை எண்டு நீ காட்டு பாப்பம்," என்பார்.

நான் சிரித்துவிட்டுத் துடைப்பேன்.

"உது வீடில்லையடா தம்பி, மீன்தொட்டி. மானைப் பாக்கலாம் எண்டு மோன் காசைக் கொட்டிக் கட்டினவன். மானெல்லோ எங்களைப் பாத்துக்கொண்டு நிக்குது!"

"மான் ஒண்டும் சொல்லாது ஐயா."

"நீயுந்தான் ஒண்டும் சொல்லமாட்டாய். உனக்கும் மானுக்கும் பெரிய வித்தியாசமில்லை."

அவர் சொன்னது சரி. ஆட்களை நேரே பார்த்துப் பேச எனக்குக் கூச்சம். அவரையும் நான் பெரும்பாலும் கண்ணாடியில்தான் பார்ப்பேன். மாரியில், பனி கொட்டும் காலத்தில், நாலரைக்கே இருட்டிவிடும். வெளியே இருள, உள்ளே விளக்கு எரிய, முழு அறையும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் மரங்களுக்குள் நிற்கும். பனிக்குள் விளக்கு, பனிக்குள் சோபா, பனிக்குள் தன் சாய்கதிரையில் சேர்வேயர் ஐயா. எனக்கு அது பிடிக்கும். ஒளித்து நின்று பார்ப்பது போல.

அன்று மார்கழி மாதம், காலையிலிருந்து பனி கொட்டியது. மூன்றரை மணிக்கு அவர் கதிரையில் கண்ணயர்ந்திருந்தார். நான் கீழ் அறைக்குப் போய்த் துவைத்த உடுப்புகளை மடித்து வைத்துவிட்டு, நாலேகால் போல மேலே வந்து வாளியும் கையுமாகத் துடைக்கத் தொடங்கினேன். கண்ணாடியோரம் அவருடைய வீட்டுச் செருப்பு சோடியாகக் கழற்றி வைத்திருந்தது. செருப்பு உள்ளே கிடக்கிறது, அப்படியென்றால் ஐயாவும் உள்ளேதான் இருக்கிறார் என்று நினைத்தேன். நம் ஆட்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? அதன் முனைகள் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்ததை அப்போது நான் யோசிக்கவில்லை.

நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தேன். வழமை போல விளக்கு, சோபா, வாளியோடு நான், கதிரையில் அவர். இரண்டு வெள்ளை மரங்களுக்கு நடுவில் இருந்தார்.

"ஐயா, தேத்தண்ணி போடட்டே?" என்று திரும்பாமலே கேட்டேன்.

கையைச் சற்று உயர்த்தி, வேண்டாம் என்பது போல ஆட்டினார். நான் தொடர்ந்து துடைத்தேன். பத்து நிமிடம் இருக்கும்.

அப்போது கரண்ட் நின்றது.

விளக்கு அணைந்ததும் கண்ணாடியில் இருந்த எல்லாம் போய்விட்டது. சோபா இல்லை, வாளி இல்லை, நான் இல்லை. நீலமான வெளிச்சத்தில் வெளியே வெறும் பனியும் மரங்களும் தெரிந்தன. அந்த இரண்டு வெள்ளை மரங்களுக்கு நடுவில் சாய்கதிரையும் அதில் அவரும் மட்டும் போகவில்லை. நம்பினால் நம்புங்கள், மூச்சு ஐந்தாறு விடும் நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். பயம்கூட வரவில்லை. பிறகுதான் திரும்பினேன். எனக்குப் பின்னால் கதிரை இருந்தது. அதில் ஆள் இல்லை.

கண்ணாடிக் கதவு ஒரு ஆள் போகும் அளவு திறந்திருந்தது; வேலைச் சூட்டில் குளிர் எனக்கு உறைக்கவில்லை. சப்பாத்துக்குள் காலைச் செருகிக்கொண்டு ஓடினேன். வெள்ளை மரங்களுக்கு நடுவில் பனி கலையாமல் கிடந்தது. வெறுங்கால் தடம் வேறு பக்கமாக, மேப்பிளைச் சுற்றிச் சரிவில் இறங்கிப் போனது. பாதிக்கு மேல் பனி மூடிவிட்டது. வீட்டிலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், ஆற்றுக்குக் கிட்ட, மெல்லிய சேட்டோடு ஒரு மரத்தில் சாய்ந்து இருந்தார். உதடு நீலமாகியிருந்தது. கிட்டப் போனேன். கண்ணைத் திறந்து என் காலைத்தான் பார்த்தார்.

"சப்பாத்தைக் கழட்டிப்போட்டு உள்ளுக்கை வா," என்றார்.

என் ஜக்கெட்டைப் போர்த்தி, அவரைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறினேன். முதுகு என்று ஒன்று இருப்பதே நினைவில்லை. அம்புலன்ஸ் வந்தது. இன்னும் கால் மணித்தியாலம் போயிருந்தால் ஆள் இல்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். இரண்டு கால்விரல்கள் போயின, உயிர் தங்கியது.

அந்தக் கதவு திறந்தால் மகனுடைய ஃபோனுக்குத் தகவல் போகும். அவர் வேலை மும்முரத்தில் அதைப் பார்க்கவில்லை. பிறகு எனக்குக் காட்டினார், மூன்று ஐம்பதுக்குத் திறந்திருக்கிறது. நான் மேலே வருவதற்கு முன்பே ஐயா வெளியே போய்விட்டார்.

கண்ணாடியில் கண்டதை மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

"கண்ணாடியிலை உங்கடை முகத்தைப் பாத்துத்தான் பயந்திருப்பியள்," என்று சிரித்தாள். பிறகு விளக்கேற்றக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

ஐயா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது நான் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மறதிக்காரர், அந்த நாளே அவருக்கு நினைவிருக்காது என்று எண்ணினேன். காலுக்கு மருந்து கட்டிக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சாதாரணமாகச் சொன்னார்:

"அண்டைக்கு நீ தேத்தண்ணி போடட்டோ எண்டு கேக்கேக்கை, நான் ஓம் எண்டிருக்கவேணும். சரியான குளிரடா தம்பி."

கட்டுத் துணியை இரண்டு தரம் அவிழ்த்துக் கட்டினேன்.

இன்றும் அங்கேதான் வேலை செய்கிறேன். இப்போது அவரிடம் எதைக் கேட்பதென்றாலும் வாளியை வைத்துவிட்டு, முன்னால் போய் நின்று, முகத்தைப் பார்த்து, தோளைத் தொட்டபடிதான் கேட்கிறேன்.

எழுதி முடித்தது: மாசி மாதம் 9ஆம் திகதி.