வாகட் வீட்டு நம்பர்

அந்த மே மாதம் ஐந்து நாள் நான் ஒரு டெலிபோனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புனே கேம்ப் பக்கம் என் தோழி வீட்டுக் கூடத்தில் இருந்த டெலிபோன் அது. தோழி ஓர் எலும்பு டாக்டரிடம் வரவேற்பில் வேலை பார்த்தாள். நான் இரண்டாவது தடவை மணிக்கட்டு வீங்கிப் போனபோது சீட்டை எழுதிக்கொண்டே, தலை நிமிராமல், "இந்தத் தடவையும் பாத்ரூம்லதான் வழுக்குச்சா?" என்று தமிழில் கேட்டவள். மூன்று தலைமுறையாக இங்கேயே இருக்கும் குடும்பம். ஊரின் மறுகோடியில் வாகட் பகுதியில் இருந்த எங்கள் வீட்டை விட்டு வந்த என்னை அவள்தான் வைத்துக்கொண்டாள்.

வந்தது நான் மட்டும். என் ஆறு வயது மகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு அவர் முன்னால் நின்றுவிட்டார். புருஷனை 'அவர்' என்றுதான் இன்னும் கை எழுதுகிறது, பழக்கதோஷம். லீவுக்குப் பிள்ளையை ஈரோட்டில் தன் அம்மாவிடம் அனுப்பப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அனுப்பிவிட்டால் நான் அவளைப் பார்த்த மாதிரிதான்.

குடும்ப வன்முறைச் சட்டம் வந்து ஓராண்டுகூட ஆகாத சமயம். கோர்ட் எனக்குப் பாதுகாப்பு உத்தரவு கொடுத்தது. அவர் என்மேல் கை வைக்கக்கூடாது, பிள்ளை என்னிடம் இருக்கவேண்டும், ஊரைவிட்டு அவளைக் கொண்டுபோகக்கூடாது. ஆனால் அந்தக் காகிதம் அவர் கையில் சேர்கிறவரை நான் வாகட் பக்கமே தலைகாட்டக்கூடாது என்று வக்கீலம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முன்கூட்டியே மோப்பம் பிடித்தால் அன்றைக்கே ரயிலேற்றிவிடுவாராம். சேர்ந்ததும் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து எனக்குப் போன் வரும், போலீஸ் துணையோடு போய்க் கூட்டிவரலாம் என்றார்.

அதனால்தான் அந்தக் காவல். மணியடித்தால் பாய்வேன். சர்ச்சில் பாட்டுப் பயிற்சி எத்தனை மணிக்கு என்று யாராவது கேட்பார்கள். குளிக்கப் போனால் குழாயை மூடி மூடிக் காது கொடுப்பேன். தோழி தன் அக்காவோடு இரண்டு நிமிடம் பேசினாலே எனக்கு வயிறு எரியும். இடம் கொடுத்தவள்மேலேயே எரிச்சல், என்ன பிறவியோ நான். "போனை முறைச்சா அது அடிச்சிருமா? வந்து சாப்பிடு, பாஜி ஆறுது" என்பாள்.

பிள்ளை நினைப்பு வேளை பார்த்து வராது. தலைக்கு எண்ணெய் வைத்தால் நெளிவாளே, அந்தக் கழுத்து. தூங்கும்போது என் நைட்டி நுனியைப் பிடித்துக்கொள்கிற விரல்கள். யார் அவளுக்குச் சடை போடுவார்கள்? பார்க்காமல் செத்துப்போவேன் என்றே இருந்தது.

ஆறாவது நாள் பொறுக்கமாட்டாமல் ஸ்டேஷனுக்கே போய்விட்டேன். போலீஸ்காரர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, காகிதம் போன திங்கட்கிழமையே கொடுத்தாயிற்று, உங்களுக்கும் அன்றைக்கே சொல்லியாயிற்று என்றார். எனக்கு யாரும் சொல்லவில்லை என்று கத்தினேன். அவர் என் மனுவை எடுத்து அதிலிருந்த நம்பரைப் படித்தார். பாதி படிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அது எங்கள் வாகட் வீட்டு நம்பர்.

விலாசம் கேட்ட இடத்தில் தோழியின் விலாசத்தைத்தான் எழுதியிருந்தேன். அதற்குக் கீழே நம்பர் என்றதும், காஸ் புக்கிங், ஸ்கூல், பேங்க் என்று எட்டு வருஷம் எழுதி எழுதிப் பழகிய கை தானாகவே அதை எழுதியிருக்கிறது. என் செல்போனை அவர் முன்பே பிடுங்கி வைத்துவிட்டதால் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த நம்பரும் அது ஒன்றுதான். புத்தியை எங்கே அடகு வைத்திருந்தேனோ. போனை எடுத்தது ஒரு குழந்தை என்றும், 'காகஸ்', அதாவது காகிதம், கொடுத்தாயிற்று என்று மம்மியிடம் சொல்லிவிடு எனச் சொல்லி வைத்துவிட்டதாகவும் போலீஸ்காரர் சொன்னார்.

ஒரு பெண் போலீஸோடு ஆட்டோவில் போனேன். பிள்ளையின் அப்பா ஹிஞ்சேவாடியில் ஆபீசில் இருந்தார். காகிதம் கைக்கு வந்தபின் பிள்ளையை ஊருக்கு அனுப்பினால் தானே உள்ளே போகவேண்டியிருக்கும் என்று அவருக்குத் தெரியும், அந்தப் பயம் காப்பாற்றியது. வேலைக்காரம்மா கதவைத் திறந்தாள். மகள் செருப்புப் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்தாள். திங்கட்கிழமையிலிருந்தே வீட்டுக்குள்ளும் செருப்பைக் கழற்றவில்லையாம்.

அவள் ஓடி வரவில்லை. என்னைப் பார்த்ததும் தப்புச் செய்தவள்போல உதட்டைக் கடித்தாள். நான் போய் அள்ளித் தூக்கினேன்.

"போலீஸ் அங்கிள் உங்கிட்ட சொல்லச் சொன்னாங்கம்மா. எனக்கு உன் நம்பர் தெரியல. அதனால சும்மா ரிசீவரை எடுத்துக் காதுல வச்சு, அம்மா, காகஸ் குடுத்தாச்சாம், வான்னு சொன்னேன். டெய்லி சொன்னேன். உனக்குக் கேக்கவே இல்லியா?"