சில்வெஸ்டர் கிடந்த துண்டு

விவேக் நகர் சில்வெஸ்டர் முப்பத்தாறு வருடம் ஃபிரிட்ஜ் மெக்கானிக். ஃபிரிட்ஜைத் திறந்ததும் முதலில் வீட்டுக்காரரைத் திட்டுவார். மெக்கானிக்குகளைத் தேடித்தரும் செயலி ஒன்றின் வைட்ஃபீல்ட் அலுவலகத்தில் அவர் மகள் அன்னா எஞ்சினியர். அதில் அவரைச் சேர்த்தவள் அவள்தான். குறிப்பை மட்டும் அவரே சொல்லி எழுதவைத்தார்: "பூசை நேரத்தில் கூப்பிட வேண்டாம். வேறொருவன் கை வைத்த மெஷினுக்குக் கூப்பிடவே வேண்டாம். செத்த கம்ப்ரசரை வைத்துக்கொண்டு அழுகிறவர்களுக்கு எனக்கு நேரமில்லை." நட்சத்திரம் இரண்டரை. இருந்தும் கூப்பிட்டார்கள். வேலை சுத்தம்.

பிப்ரவரியில் மாரடைப்பு. அலுவலகம் மூன்று நாள் விடுப்பும், 'சில்வியா அம்மையாருக்கு அஞ்சலி' என்று பெயர் மாற்றி அச்சடித்த மலர்வளையமும் தந்தது. திரும்பி வந்த அன்னா அவர் பதிவை அழித்தாள்.

அழித்தால் உடனே அழியாது. தேடல் அட்டவணை துண்டு துண்டாக இருக்கும். அழித்த பதிவின்மேல் ஒரு குறி விழும், அவ்வளவுதான். தேடினால் வராது, இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டு கிடக்கும். துண்டுகளை இணைக்கும்போதுதான் நிஜமாகவே கழியும். அந்த இணைப்பைச் சீராக்குவது அன்னாவின் வேலை. சீராக்கினாள். செத்த பதிவு மிகுந்த துண்டை முதலில் இணை என்று விதி எழுதினாள். கீழே இன்னொரு வரி: பதினேழாம் துண்டைத் தொடாதே.

அப்பாவின் பதிவு கிடந்தது அதில்தான். அந்தப் பதிவுக்கு மூன்று நகல் தனியாக வைத்திருந்தாள். படித்தவள்தான்.

ஜூனில் மேனேஜர் ஹரிஷ்குமார் வரைபடத்தோடு வந்தார்.

"அன்னா, பதினேழுல பாதிக்கு மேல செத்தது. ஏன் மெர்ஜ் ஆகல? சர்ச் இழுக்குது."

"யாரோ தடுத்து வச்சிருக்காங்க போல, ஹரிஷ்."

"யாரோவா? ப்ரோக்ராம்ல உங்க பேருதான் இருக்கு. செத்ததைத் தூக்கிப் போட என்ன சென்டிமென்ட்? ஈவ்னிங்குக்குள்ள எடுங்க. இல்லன்னா நானே எடுத்துடறேன்."

மதியம் அம்மா மௌரீனுக்குப் போன் செய்தாள்.

"மம்மி, டாடி பதிவை இன்னிக்கு எடுக்கணும்."

"அப்பவே எடுத்துட்டேன்னியே?"

"முழுசா எடுக்கல."

"நாலு மாசமா என்னடி பண்ணே? டாடி இருந்தா உன்னைத் திட்டிட்டு, அதுக்கும் சார்ஜ் வாங்கியிருப்பாரு."

அன்னா நகலில் இருந்த அப்பாவின் குறிப்பைத் திறந்தாள். செத்த கம்ப்ரசர் பற்றிய மூன்றாவது வாக்கியத்தை இரண்டு முறை படித்தாள். ஹரிஷ்குமாரின் கை படுவதற்கு முன், தான் எழுதிய வரியைத் தானே எடுத்தாள்.

தேடல் பதினொரு மில்லிசெகண்ட் வேகமானது. ஹரிஷ்குமார் கட்டைவிரல் படம் அனுப்பினார்.

இணைப்பு நான்கு நிமிடத்தில் முடிந்திருந்தது. சில்வெஸ்டருக்குத் திட்டவே பத்து நிமிடம் ஆகும்.