மண்ணு படிப்பு

எங்கள் பக்கத்தில் ஒருவனை 'மண்ணு' என்றால் அவன் தலையில் ஒன்றும் இல்லை என்று பொருள். அப்படியிருக்க, கோயம்புத்தூரில் விவசாயப் பட்டம் வாங்கியவன் மண்ணைப் பற்றியே மேற்படிப்பும் படிக்கப் போனால் சும்மா விடுவார்களா? பையன் என்ன படிக்கிறான் என்று கேட்டால் "மண்ணு" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார் அப்பா. என்னைத் தாசில்தாராகப் பார்க்க ஆசைப்பட்டவர் அவர்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்திருந்த சமயம். என் ஆராய்ச்சிக்குக் கரிசல் மண்ணை அடுக்கடுக்காக எடுக்க வேண்டியிருந்தது. கோடையில் அது வெடித்துப் பிளக்கும்போதுதான் உள்ளே இருப்பது தெரியும். குரும்பலூரில் எங்கள் கொல்லையிலேயே குழி வெட்டினேன். ஆள் நீளத்துக்கு இருந்த அந்தக் குழியைப் பார்த்துவிட்டு அம்மா அந்தப் பக்கமே வரவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் மீன்சுருட்டியிலிருந்து சம்பந்தம் பேசினார்கள். பங்குனி உத்திரத்தன்று செட்டிகுளம் மலைக்கோயிலில் அந்தப் பெண்ணைப் பார்த்திருந்தேன். அன்றிலிருந்து புத்தகத்தில் மனம் நிற்கவில்லை. அவளுடைய அப்பா வந்தால், அடுத்த வருஷம் ஆபீசர் வேலை என்று சொல்லிவிடும்படி அப்பா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

பெண்ணின் அப்பாவோ சொல்லாமல் கொள்ளாமல் நேரே கொல்லைக்கே வந்துவிட்டார். குழிக்குள்ளிருந்து என் தலை மட்டும் வெளியே தெரிந்தது. அதிலும் பாதி புழுதி. நல்ல மாப்பிள்ளைக் கோலம்! அப்பா மேலே நின்று கண்ணால் ஜாடை காட்டிக்கொண்டிருந்தார்.

"இதப் படிச்சா என்ன உத்தியோகங்க தம்பி?" என்றார் வந்தவர்.

"தெரியலீங்க. இதுக்குன்னு இருக்குற வேல ரொம்பக் கொஞ்சம். கெடைக்காமயும் போவலாம்."

காலையிலிருந்து ஒவ்வொரு அடுக்கையும் உள்ளது உள்ளபடி பார்த்துக்கொண்டிருந்தவனுக்குத் திடீரென்று வேறு மாதிரி பேச வரவில்லை. அவர் குனிந்து, மண்ணில் இறங்கியிருந்த வெடிப்பு எதுவரை போகிறது என்று கேட்டார். காட்டினேன். கொடுத்த மோரைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டதாக அப்பா சொன்னார். அவள் இனி எனக்கில்லை என்று நினைத்தபோது அந்தக் குழியை விட்டு ஏறவே பிடிக்கவில்லை. படிப்பின் மேல்கூட ஒரு வெறுப்பு வந்தது.

ஆனால் ஆடி கழிந்ததும் நிச்சயம் பண்ணிக்கொள்ளலாம் என்று மீன்சுருட்டியிலிருந்து ஆள் வந்தது. எங்களுக்கு நம்பவே முடியவில்லை. கல்யாணமும் நடந்தது. வேலை கிடைக்க அதற்கு மேலும் நாளானது. மண் பரிசோதிக்கும் இடத்தில்தான் கிடைத்தது. தாசில்தார் கனவை அப்பா அப்புறமும் முழுதாக விட்டாரென்று சொல்ல முடியாது.

எதை நம்பி உங்கப்பா பெண் கொடுத்தார் என்று ஒருநாள் மனைவியிடம் கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அன்னைக்கு வூட்டுக்கு வந்ததுமே அம்மாகிட்ட சொல்லிட்டாருங்க. 'பையன் சுத்த மண்ணு. ஒரு பொய் சொல்லக்கூடத் தெரியல. குடுத்துரலாம்'னு."