ஒரு பிடி வறுத்த மோல்ட்

பாலேந்திரன் வீட்டில் பியர் காய்ச்சத் தொடங்கியது குடிப்பதற்காக அல்ல என்றால் சுவிஸ் லாங்கன்தாலில் ஒரு தமிழரும் நம்பமாட்டார். அரைப் போத்தலோடு கொட்டாவி விடுகிற மனிதர் அவர். தொழிற்சாலையில் கூட வேலை செய்த சுவிஸ்காரர் ஒருவர் ஐந்து கிலோ மோல்ட்டை, அதாவது முளைக்கவைத்துக் காயவைத்த பார்லியை, பிறந்தநாள் பரிசாகக் கையில் திணித்துவிட்டார். வீணாக்க மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

அப்போது இருந்த பழைய கட்டடத்தில் ஆறு குடும்பங்களுக்கும் ஒரே ஒரு வாஷ்கியூஹெ. நிலவறையில் உடுப்புத் தோய்க்கும் அந்த அறையின் சாவி, இரண்டு கிழமைக்கு ஒரு சனிக்கிழமைதான் இவர்கள் கைக்கு வரும். மனைவி தில்லைநாயகி ஒரு பக்கம் தோய்க்க, இவர் மறுபக்கம் அடுப்பை மூட்டினார். விருந்துக்குச் சமைக்கும் கிடாரம், மீன் வாங்கப் போகும்போது கொண்டுபோகிற நீலக் குளிர்பெட்டி, வடிகட்டப் பழைய ஜன்னல் திரையில் தைத்த ஒரு பை. ஆலை தயார்.

முதல் தரமே பிழையாய்ப் போனது. பச்சைத் தானியத்தை அப்படியே தண்ணீரில் போடுவதாவது என்று தில்லைநாயகி ஐந்து கிலோவையும் தாச்சியில் பொன்னிறமாக வறுத்துக் கொடுத்தார். மாவோ மல்லியோ, வறுக்காமல் அவர் கை ஓயாது. குளிர்பெட்டிக்குள் அறுபத்தேழு பாகைச் சுடுநீரில் இரண்டு மணிநேரம் ஊறியும் இனிப்பு இறங்கவில்லை, கஞ்சிதான் மிச்சம். வறுத்தால் மாவைச் சர்க்கரையாக்கும் சத்தே செத்துப்போகும் என்று திங்கட்கிழமை அந்தச் சுவிஸ்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"வறுக்கேக்கை நீங்களும்தானே பக்கத்திலை நிண்டு கிண்டினனீங்கள்," என்று தில்லைநாயகி சண்டைக்கு வந்தார். கடைசியில், இனி ஒரு பிடி மட்டும் வறுத்துப் போடுவதென்று சமாதானமானார்கள். பியரைத் தொடாத தில்லைநாயகி, உடுப்புக் கம்பியில் தொங்கும் பையிலிருந்து சொட்டும் இளஞ்சூடான இனிப்புத் தண்ணீரை மட்டும் ஒரு தம்ளர் குடிப்பார். பதினான்கு வருடம் இப்படிப் போனது. அந்தச் சனிக்கிழமைகள்தான் தன் வாழ்க்கையின் நல்ல நாள்கள் என்பது அப்போது பாலேந்திரனுக்குத் தெரியாது.

போன வருடம் லிஃப்ட் உள்ள வீட்டுக்கு மாறினார்கள். குளியலறைக்குள்ளேயே சலவை மெஷின். அப்பாவின் இடுப்புவலிக்கு இரங்கி, மகள் யதுஷா பியர் காய்ச்சவும் ஒரு மின்சார மெஷின் வாங்கித் தந்தாள். தானே சூடேற்றும், தானே தண்ணீரைச் சுற்றவிடும், நேரமானால் கூப்பிடும். இவ்வளவு சொல்வழி கேட்கிற ஒன்றை அவர் அந்த வீட்டில் அதற்குமுன் கண்டதில்லை.

யதுஷா ரெனான் என்ற ஊரில் புதுவீடு குடிபோகும் நாளுக்கு வாஷ்கியூஹெ பியர்தான் வேண்டுமென்றாள். இரண்டு தரம் காய்ச்சினார். கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது. யதுஷா குடித்துப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு அப்பா. ஆனா அந்தப் பழைய ருசி இல்லை."

குடிபுகுதலுக்கு ஐந்து கிழமைதான் இருந்தது. பியர் பதம் வரவே ஒரு மாதம் வேண்டும். இனி ஒரு தரம்தான். அந்தச் சனிக்கிழமை மோல்ட்டை நிறுத்துக்கொண்டு நின்றவரின் கண் சுவரில் தொங்கிய தாச்சியில் பட்டது. அந்த ஒரு பிடியை மனைவியைச் சமாளிக்கப் போட்டதென்றே இத்தனை காலமும் நினைத்திருந்தார். மெஷினோடு வந்த குறிப்பில் அது இல்லை, விட்டுவிட்டார்.

"இஞ்சேருமப்பா, ஒரு பிடி வறுத்துத் தாருமன்."

தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்த தில்லைநாயகி திரும்பவில்லை. "மெஷின் வந்த நாளிலையிருந்து நீங்கள் என்னை ஒருக்காவும் கூப்பிடேல்லை. அந்தக் குளிர்பெட்டியோடை என்னையும் சேத்துக் கழிச்சுப்போட்டியள் எண்டு இருந்திட்டன்."

பாலேந்திரனுக்கு அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்குள் இருந்துகொண்டே ஒரு மனுசியை ஒரு வருடம் தனியாக விட்டிருக்கிறாரே! தாச்சியைக் கழற்றி அடுப்பில் வைத்தார்.

"இந்தளவு நெருப்போ? தள்ளுங்கோ அங்காலை," என்று தில்லைநாயகி எழுந்து வந்தார். வாசம் வீடு முழுக்கப் பரவியது. வறுத்ததை மற்ற மோல்ட்டோடு மெஷினுக்குள் கொட்டினார்கள். மெஷின் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, அவர்கள் கதைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் மெஷினின் குழாயைத் திறந்து ஒரு தம்ளர் இனிப்புத் தண்ணீர் பிடித்து மனைவியிடம் நீட்டினார்.

ஐந்தாம் கிழமை, ரெனானில் யதுஷா ஒரு மிடறு குடித்தாள். அப்பாவைப் பார்க்கவில்லை.

"அம்மா, நீங்கள் வறுத்தனீங்களோ?"

"ஓம் பிள்ளை," என்றார் தில்லைநாயகி. "உன்ரை அப்பா கூப்பிட்டவர்."