கொசுறாக இரண்டு நாசில்

பயிருக்கு மருந்தடிக்கும் சாமான் விற்பவர்கூட ஓரளவுக்கு ஆயுத வியாபாரிதான் என்கிறது சட்டம். அந்த 'ஓரளவு' எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் உத்தியோகம்.

அல்லிநகரத்தில் எங்கள் ஷெட். ட்ரோனில் மாட்டி மருந்து தெளிக்கும் நாசில் செய்கிறோம். பனி மாதிரி மெல்லிசாகத் தூவும். அந்த மெல்லிசுதான் வினை. திராட்சைக்கு மருந்து தூவுகிற நாசில், மனிதர்கள் மேல் விஷத்தையும் தூவுமாம். அதனால் வெளிநாட்டுக்கு அனுப்ப டெல்லியில் லைசென்ஸ் வாங்க வேண்டும். தப்பு நடந்தால் கையெழுத்துப் போட்டவர் ஜெயிலுக்குப் போகலாம். கையெழுத்துப் போடுவது நான். எந்த ஆபீசிலாவது மூன்று பிரதி படிவம் நிரப்பி நொந்துபோன அன்பர்களே, உங்களை நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

உறுதிமொழி

முதல் வெளிநாட்டு ஆர்டர் வளைகுடாவில் ஒரு பேரீச்சந் தோட்டத்துக்கு. நாற்பது நாசில். பிடித்துக் கொடுத்தவர் கம்பம் இப்ராகிம் பாய். தோட்டக்காரரிடமிருந்து ஒரு கடிதம் வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். அணு ஆயுதம், ரசாயன ஆயுதம், கிருமி ஆயுதம் எதற்கும் இதைப் பயன்படுத்த மாட்டோம் என்று அதில் எழுதியிருக்க வேண்டும்.

சுருளிப்பட்டி திராட்சைத் தோட்டக்காரர்களுக்கு ஒரு டீயைக் கொடுத்து மிஷினைத் தூக்கிக் கொடுத்தே பழகியவர் முதலாளி. நான் நீட்டிய மாதிரிக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். இந்த உத்தியோகத்துக்கான பயிற்சி வகுப்பில் நான் கேட்க நினைத்து அடக்கிக்கொண்ட கேள்வியை அவர் அடக்கவில்லை.

"ஏம்மா, ஆயுதம் செய்யிறவன் இதுல 'ஆமா, செய்வேன்'னா எழுதிக் குடுப்பான்?"

பதினோரு பேர்

அடுத்தது தடைப் பட்டியல், அதாவது யார் யாரோடு வியாபாரம் கூடாது என்ற பெயர் வரிசை. வாங்குகிறவர், விற்கிறவர், நடுவில் நிற்பவர் எல்லோர் பெயரையும் கம்ப்யூட்டரில் தட்ட வேண்டும். பாயின் பெயரைத் தட்டினேன். பதினோரு இடத்தில் சிவப்பு விளக்கு. கம்பத்தில் எந்தத் தெருவில் நின்று அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது பாவம், அதற்குத் தெரியாது.

பதினோரு பேரில் ஒருவரும் இவர் இல்லை என்று நான் நிரூபிக்க வேண்டும். முதலில் பிறந்த தேதி கேட்டேன். பிறகு தகப்பனார் பெயர், பிறகு பாஸ்போர்ட். கடைசியில் மனிதர் தன் கல்யாணப் பத்திரிகையைக்கூடக் கொண்டுவந்து வைத்தார். வாங்கிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருந்தது. பாய் கோபப்படவில்லை.

"தப்புப் பண்ணுன பதினோரு பேரும் எங்கிட்டோ நிம்மதியா இருக்கானுக. பண்ணாதவன் ஆறு தடவ பஸ் ஏறி வந்துட்டேம்மா."

நாற்பத்திரண்டு

ஏழு மாதத்தில் லைசென்ஸ் வந்தது. நாற்பதையும் நானே எண்ணிக் கையெழுத்துப் போட்டேன். முதலாளி பெட்டிக்குச் சூடம் காட்டும்போது ஜெராக்ஸ் எடுக்கப் போய்விட்டேன். அடுத்த வாரம் துறைமுகத்திலிருந்து போன். லைசென்ஸில் நாற்பது, பெட்டியில் நாற்பத்திரண்டு.

பேக்கிங் பகுதிக்கு ஓடினேன். அங்கே பொறுப்பு முருகாயி அக்கா. எங்களிடம் வருவதற்கு முன் சந்தையில் காய்கறி விற்றவர். அனுமதி இல்லாமல் ஆயுத சம்பந்தமான பொருளை வெளிநாட்டுக்குக் கடத்தப் பார்த்தது யார் என்று விசாரித்தேன். முகத்தில் ஒரு கலவரமும் இல்லை.

"நாந்தேன் வச்சேன் ஆத்தா. நாப்பது வாங்குறவுகளுக்குக் கொசுறு வைக்காம எப்பிடி அனுப்புறது?"

யார் பெயர்

டெல்லி மூன்று கேள்வி கேட்டது. அந்த இரண்டை வைத்தது யார், யார் உத்தரவில், என்ன உபயோகத்துக்கு? பதில் சரியில்லையென்றால் லைசென்ஸ் ரத்து, அதற்கு மேல் வழக்கு.

"வச்சவ பேரை எழுதி அனுப்பிரும்மா, நமக்கெதுக்கு வம்பு" என்றார் முதலாளி. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. அந்தச் சட்டத்தின் பெயரைக்கூட அக்கா கேள்விப்பட்டதில்லை. சீல் வைக்கும்வரை நிற்காமல் போனது நான். என் பெயரையே எழுதினேன். கொசுறு என்பது வாங்குகிறவர் மனம் குளிர விலையில்லாமல் வைப்பது, வேறு சதி ஏதும் இல்லை என்று ஒரு பக்கத்துக்கு விளக்கினேன். இரண்டு மாதம், வாசலில் ஜீப் நின்றாலே எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன்.

கடைசியில் எச்சரிக்கையோடு விட்டார்கள். இரண்டை எடுத்துவிட்டு நாற்பதை அனுப்பச் சொன்னார்கள். பெட்டி திரும்பி வந்தது. இந்த முறை சீல் வைக்கும்வரை நான் நகரவில்லை. அக்கா என் முகத்தைப் பார்க்காமல் டேப்பை நீட்டினார்.

"எண்ணிக்க ஆத்தா, நாப்பதுதேன் இருக்கு. அங்கன பிரிச்சுப் பாக்குறவுக நம்மளக் கஞ்சப்பயலுகன்னுதேன் சொல்லப்போறாக."

உலக சமாதானத்தை ஒருவழியாகக் காப்பாற்றிவிட்டேன். ஊர் மானத்தைத்தான் காப்பாற்ற முடியவில்லை.