பின்னால் நூறு கிலோ

என் கணவர் நூறு கிலோ. கிளினிக் புத்தகத்தில் தொண்ணூற்றெட்டு என்று இருக்கும். அது காலையில் வெறும் வயிற்றில் நிறுத்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவருக்கும் இருந்ததில்லை. வெட்கப்பட்டதெல்லாம் என் ஸ்கூட்டர்தான்.

சுங்கை லாலாங் பக்கம் பள்ளத்தில் இருக்கிறது எங்கள் வீடு. வாசலைத் தாண்டினால் செம்பனை மரங்களுக்கு நடுவே நெட்டுக்குத்தாக ஓர் ஏற்றம். உச்சியில் கோயில், கோயிலுக்கு எதிரே பரோட்டா மாதிரி ரொட்டிச் சானாய் போடும் கடை. அந்தப் பக்கம் இறங்கினால் பெரிய சாலை, அது வழியாகச் சுங்கைப் பட்டாணி. எனக்கு அங்கே கையுறைத் தொழிற்சாலையில் வேலை. அவருக்கு இரண்டு கேட் தள்ளி இன்னொரு தொழிற்சாலையில் காவல் வேலை. ஒரு கண்ணில் பார்வை மங்கியதிலிருந்து அவர் வண்டியைத் தொடுவதில்லை. காலையில் நான் ஓட்டுவேன், அவர் பின்னால் உட்காருவார்.

அந்த இருபது நிமிடம்தான் எங்கள் குடும்பம் பேசிக்கொள்ளும் நேரம். சாயங்காலம் நான் நாலு மணிக்கே வீடு திரும்பிவிடுவேன். அவர் யார் காரிலாவது ஏழரைக்கு வருவார், குளிப்பார், சாப்பிடுவார், நாற்காலியிலேயே தூங்கிவிடுவார். ஆனால் காலையில் ஸ்கூட்டரில் ஏறிவிட்டால் மனிதர் வாயை மூடமாட்டார். கேட்டில் யார் யார் சண்டை போட்டார்கள், எந்த மேனேஜர் எந்தக் காரை எங்கே இடித்தான், எல்லாம் என் ஹெல்மெட் ஓரமாக வந்து கொட்டும். எதிர்க்காற்றில் பாதி கேட்காது. கேட்காத பாதிக்கும் சேர்த்து நான் சிரிப்பேன்.

ஏற்றம் மட்டும்தான் தொல்லை. பாதி மேட்டில் ஸ்கூட்டர் முனகும், நடுங்கும், ஆமை வேகத்துக்கு வந்துவிடும். அவர் இறங்கி நடந்து வருவார். நான் கோயில் வாசலில் காத்திருப்பேன். சானாய் கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு இது தினசரி வேடிக்கை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா. "அண்ணே, டிக்கெட் எடுக்கலையா, நடுவுல எறக்கி விட்டுட்டாங்க" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிட்டு ஏறிக்கொள்வார்.

ஒருநாள் அதே கடையிலிருந்து ஒருவன், அவரிடம்கூட இல்லை, என்னிடம் கேட்டான்: "அக்கா, மூட்டைய எறக்கியாச்சா?"

அன்று அவர் சிரிக்கவில்லை. வழியெல்லாம் பேசவும் இல்லை. மறுநாள் காலை சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வாசலில் போய் நின்றார். "இனிமே ஃபேக்டரி வேன்ல போய்க்கிறேன் மா. உனக்கும் நேரம் மிச்சம்" என்றார். நேரம் மிச்சமாகி நான் என்ன செய்யப் போகிறேன்? வேன் அவரை ஏற்றிக்கொண்டு அந்த மேட்டில் ஜம்மென்று போனது. பின்னாலேயே நான் தனியாகப் போனேன். ஸ்கூட்டர் காற்றாடி மாதிரி ஏறியது. எனக்கு அதைப் பார்த்து எரிச்சல் எரிச்சலாக வந்தது.

இரண்டு வாரம் பொறுத்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவர் குரல் இல்லாமல் அந்தச் சாலை எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். வேலை முடிந்து நேராகச் சுங்கைப் பட்டாணியில் ஒரு மோட்டார் பட்டறைக்குப் போனேன். வண்டியைப் பிரித்து வேகம் கூட்டித் தரும் பட்டறை. ஆசைப்பட்டு வருபவர்கள் எல்லாரும் இருபது வயது. நான் நாற்பத்தெட்டு, தலையில் மல்லிகைப்பூ, கையில் மீன் பை.

பட்டறைக்காரருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நகக்கண் எல்லாம் கிரீஸ். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பஞ்சரா அக்கா?" என்றார்.

"இல்ல. செட்டிங் பண்ணணும்."

அவர் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். "ஹைவேல பறக்கணுமா, எடுத்த ஒடனே பாயணுமா?"

"மேடு ஏறணும். பின்னால நூறு கிலோ."

"என்னா சாமான் ஏத்துறீங்க?"

"புருஷன்."

அவர் சிரிக்கவில்லை. அங்கேயே எனக்கு அந்த ஆளைப் பிடித்துவிட்டது. குந்தி உட்கார்ந்து, ஸ்கூட்டரின் இடப்பக்க மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே கொட்டைப்பாக்கு அளவில் ஆறு உருளைகள். ரோலர் என்றார். இன்ஜின் சுற்றச் சுற்ற இவை வெளியே ஓடி பெல்ட்டைத் தள்ளும். கியர் மாறுவது இப்படித்தான். கனமான ரோலர் சீக்கிரம் ஓடிவிடும், மேட்டில் இன்ஜின் திணறும். எடை குறைந்த ரோலர் போட்டால் நின்று நிதானமாக ஓடும், இன்ஜின் நன்றாக முறுக்கி இழுக்கும். "டாப் ஸ்பீட் கொஞ்சம் கொறையும் லா அக்கா. ஆனா இழுவை இருக்கும். பெல்ட்டும் தேஞ்சி போச்சி, அதையும் மாத்திடுவோம்."

பழைய ரோலர்களை உள்ளங்கையில் வைத்தார். ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாகியிருந்தன. இத்தனை நாள் இந்த ஆறு பொடியன்கள்தான் என் வீட்டுக்காரரை நடக்க விட்டார்களா என்று இருந்தது.

புது ரோலர் போட்டதும் ஆக்ஸிலேட்டரை முறுக்கினேன். ஐயோ, அந்தச் சத்தம். முனகிக்கொண்டிருந்த வண்டி சீறியது. ராட்டினத்தில் மேலிருந்து இறங்கும்போது கத்துவோமே, அப்படிக் கத்திவிட்டேன். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம்.

ஆசை யாரை விட்டது? அடுத்த வாரம் பின்பக்கத்துப் பெரிய ஸ்பிரிங். அதற்கடுத்து காற்று வடிகட்டி. அதற்கும் அடுத்து, எதற்கும் உதவாத நீல நிற போல்ட் நான்கு. அழகாக இருந்தன, வாங்கிவிட்டேன். சைலன்சரையும் மாற்றச் சொன்னேன். "அக்கா, ரோட் பிளாக்ல போலீஸ் புடிச்சா ஸ்கூட்டர மட்டும் இல்ல, உங்களையும் சேத்து நிக்க வெப்பாங்க" என்று மறுத்துவிட்டார். சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தவள் இப்போது சாம்பார் கொதிக்கும்போது இந்தோனேசியக்காரன் கிளட்ச் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாஷை பாதிதான் புரிந்தது. கிளட்ச் முழுசாகப் புரிந்தது.

வீட்டில் கணவரிடம் எதுவும் சொல்லவில்லை. "மீன் வாங்கப் பாசாருக்குப் போறேன்" என்பேன். ஒருநாள் அவர் என் கையை மோந்து பார்த்துவிட்டு, "எந்தப் பாசார்ல மா கிரீஸ் விக்கிறான்?" என்று கேட்டார். மீன்காரன் வண்டி பழுதாகிவிட்டது, பிடித்து உதவினேன் என்றேன். முப்பது வருடத்தில் நான் சொன்ன பொய்களில் மட்டமானது அதுதான். அவரும் மேலே கேட்கவில்லை.

எடை வைத்துப் பார்க்காமல் எப்படி நம்புவது? பட்டறைக்காரர் அறுபத்தெட்டு கிலோ. பக்கத்து மளிகைக் கடையில் பத்துக் கிலோ அரிசிப் பை மூன்றை இரவல் வாங்கி, மடியில் கட்டிப்பிடித்துக்கொண்டு என் பின்னால் உட்கார்ந்தார். அவரும் அரிசியும் சேர்ந்து என் புருஷன். தாமான் வீடுகளுக்குப் பின்னால் இருந்த மேட்டில் நான்கு தடவை ஏற்றிப் பார்த்தோம். நான்காவது தடவை வண்டி திணறவே இல்லை. "போதும் அக்கா, இதோட விட்ருங்க" என்றார்.

நான் விட்டேனா? அந்த இந்தோனேசியக்காரன் வீடியோவில் கிளட்ச் ஸ்பிரிங் ஒன்று காட்டியிருந்தான், இருப்பதிலேயே இறுக்கமானது. அதைப் போட்டால் வண்டி அம்பு மாதிரி கிளம்பும். அதுதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். "அது ரேஸ்காரனுக்கு. நல்லா முறுக்கினாத்தான் கிளட்ச் புடிக்கும். மெதுவா போக முடியாது" என்று தலையால் அடித்துக்கொண்டார். மெதுவாகப் போவதற்கா இவ்வளவு பாடுபட்டேன் என்று கேட்டேன். போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. "மோட்டாருக்குக் கொஞ்சம் வேலை பாத்திருக்கேன், பூசை போடணும், வாங்க" என்று அவரைக் கோயிலுக்கு அழைத்தேன். நடந்தே மேட்டுக்கு வந்தார். நீல போல்ட்டை ஒரு தடவை பார்த்தார், என்னை ஒரு தடவை பார்த்தார். கைகளைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். பூசைக்குப் பிறகு ஒரு ரவுண்டு வருவதாக மட்டும் ஒத்துக்கொண்டிருந்தார். எதிரே சானாய் கடை நிறைந்திருந்தது.

பூசாரி ஸ்கூட்டருக்குச் சந்தனம் வைத்தார், மாலை போட்டார், தேங்காய் உடைத்தார். முன் சக்கரத்தின் அடியில் ஒன்று, பின் சக்கரத்தின் அடியில் ஒன்று, இரண்டு எலுமிச்சம்பழம். "மெதுவா ஏத்தி நசுக்குங்கம்மா" என்றார்.

மெதுவா. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

லேசாக முறுக்கினேன். இன்ஜின் உறுமியது, சக்கரம் அசையவில்லை. இன்னும் கொஞ்சம். ஊளையிட்டது, அசையவில்லை. கடையில் எல்லாக் குவளையும் கீழே இறங்கிவிட்டது. பூசாரி கற்பூரத் தட்டோடு, "என்னம்மா?" என்று அருகில் வந்தார். இன்னும் ஒரு துளிதான் முறுக்கினேன்.

வண்டி பாய்ந்தது. முன் பழம் பிதுங்கி எங்கோ போயிற்று, பின் பழம் வெடித்துப் பூசாரியின் வேட்டியில் தெறித்தது. அவர் தட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு ஒதுங்கிய வேகத்தை இன்றைக்கும் ஊரில் நடித்துக் காட்டுகிறார்கள். நானும் ஸ்கூட்டரும் மாலையும் கோயில் செம்பருத்தி வேலிக்குள் இருந்தோம்.

அடி ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர்தான் முதலில் ஓடி வந்தார். என் கை, கால், முகம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, தலையிலிருந்து ஓர் இலையை எடுத்தார். பிறகு, கடையில் இருந்தவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்: "நான் இதுல ஏறமாட்டேன் மா. மூட்டைக்கும் உயிர் இருக்கு."

அந்தச் சொல் இத்தனை நாளும் அவருக்குள் கிடந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என் கணவர் என்பதை மறந்து, நூறு கிலோ என்று அரிசியாக நிறுத்து ஓட்டிப் பார்த்தவள் நானும்தானே. ஆனால் நிமிர்ந்து பார்த்தால் பூசாரியின் வேட்டியில் எலுமிச்சை விதை ஒட்டியிருந்தது. அழவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் வேலிக்குள் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் பட்டறையில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். பட்டறைக்காரர் சிரித்த சிரிப்பில் ஸ்பேனர் கையிலிருந்து விழுந்தது. சிரித்து முடித்ததும் காய்கறிக் கடைக்குப் போய் ஒரு பை எலுமிச்சம்பழம் வாங்கி வந்தார். "இதுதான் லா சரியான டெஸ்ட். இத்தன நாளா எனக்குத் தோணல" என்றார்.

இறுக்கமான ஸ்பிரிங் வெளியே போயிற்று. வேறொன்று போட்டு, சக்கரத்தின் அடியில் பழம் வைத்தோம். துள்ளியது. இன்னொன்று. பாதி துள்ளியது. கடைசியில் கம்பெனியிலிருந்து வந்தபோது இருந்த பழைய ஸ்பிரிங்கையே போட்டார். சக்கரம் பூனை மாதிரி பழத்தின் மேல் ஏறி, ஒரு கணம் நின்று, பிச்சென்று நசுக்கிவிட்டு இறங்கியது. புது ரோலரும் பின்பக்கத்துப் பெரிய ஸ்பிரிங்கும் அப்படியே இருந்தன, இழுவை குறையவில்லை. பட்டறை முழுக்க எலுமிச்சை வாசனை. அவர் இப்போதும் கருவிப்பெட்டியில் இரண்டு பழம் வைத்திருக்கிறார் என்று கேள்வி.

செவ்வாய்க்கிழமை காலை என் கணவர் வாசலில் வேனுக்காக நின்றார்.  ஸ்கூட்டரை அவர் கண்ணெதிரே கொண்டுவந்து நிறுத்தி, முன் சக்கரத்தின் அடியில் ஒரு பழம் வைத்து, ஏறி உட்கார்ந்து முறுக்கினேன். மெதுவாக. சக்கரம் ஏறியது, நசுக்கியது, இறங்கியது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் கெஞ்சிவிடுவேன்.

"வேலைக்கி நேரமாச்சி" என்று பொதுவாகக் காற்றிடம் சொன்னேன். "தனியா போனா போரடிக்குது."

பின்னால் தூக்கு கணகணக்கும் சத்தம் கேட்டது. பிறகு சஸ்பென்ஷன் அமுங்கியது. எனக்குத் தெரிந்த அமுக்கம்.

ஏற்றத்தின் அடியில் முறுக்கினேன். வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. எப்போதும் அவர் இறங்கும் பலா மரம் வந்தது, போயிற்று. அவர் கை என் தோளை இறுக்கியது. கடை வந்தது. "மூட்டை" சொன்னவன் சானாயைப் பிய்த்த கையோடு எழுந்தே நின்றுவிட்டான். பூசாரி எங்களைக் கண்டதும் கதவோரம் ஒதுங்கினார். நாங்கள் உச்சியில் இருந்தோம். எனக்குச் சத்தம் போட்டுப் பாடவேண்டும் போல இருந்தது.

"திருப்பு" என்றார் பின்னாலிருந்து.

"ஏங்க, சாப்பாட்டுத் தூக்க மறந்துட்டீங்களா?"

"தூக்கு இருக்கு. திருப்பு மா. கடையில ரெண்டு பேரு குனிஞ்சி ஃபோன் பாத்துக்கிட்டு இருந்தானுங்க. பாக்கல."

இறங்கினோம், ஏறினோம். அந்த இரண்டு பேரும் பார்த்தார்கள். சிரித்து வயிறு வலித்த நிலையில், எதற்கென்று தெரியாமலே மூன்றாவது தடவையும் இறங்கி ஏறினோம். வேன் எங்களைக் கடந்து போயிற்று. அவர் அதற்கு மந்திரி மாதிரி கையசைத்தார். இரண்டு பேருக்கும் வேலைக்குத் தாமதம். மேட்டைத் தாண்டிப் பெரிய சாலையில் திரும்பியபோது அவர் முன்னால் சாய்ந்து, என் ஹெல்மெட் ஓரமாக ஆரம்பித்தார்.

"ரெண்டு மாசக் கதை இருக்கு. மொதல்ல அந்த மேனேஜர் கார..."

காற்றில் மீதி கேட்கவில்லை. நான் சிரித்துக்கொண்டே, முறுக்கியிருந்த கையைத் தளர்த்தினேன். முதல் தடவையாக அந்த வண்டி மெதுவாகப் போகவேண்டும் என்று ஆசையாக இருந்தது.