ஸ்டொக்மேன் என்றால் மாட்டுக்காரன்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளைப் பெற்று ஐந்தையும் ஆளாக்கினேன். எழுத்து எனக்குக் கொஞ்சம்தான் வரும். இரண்டாம் வகுப்போடு நின்றவள். மிச்ச எழுத்தை மாடுகளின் தொடையில் படித்தேன். வன்னியில் பட்டி மாடுகளுக்குச் சொந்தக்காரரின் எழுத்தைக் காய்ச்சிய கம்பியால் சுடுவார்கள். குறி என்போம். என் மனுசனுடைய குறி ‘செ’. செல்லையாவின் செ.

இங்கே லண்டனில், செவன் கிங்ஸில், எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் கொலின் இருக்கிறார். என்னைவிட நாலு வயது மூப்பு. அவுஸ்திரேலியாவில் பிறந்து இளந்தாரியாக இங்கே வந்தவர். ரோசாவுக்குத் தண்ணீர் விடும்போது பாடுவார். மெட்டு துள்ளும், ஆனால் ஒவ்வொரு பாட்டிலும் ஒருத்தன் செத்துப்போவான் என்று அவருடைய கையசைப்பில் தெரியும். ‘ஸ்டொக்மேன்’ என்ற சொல் அடிக்கடி வரும். என் மூத்தவன் ரவி இங்கே வந்த புதிதில் ஒரு கடையில் ஸ்டொக் அடுக்கும் ஷிப்ட் செய்தவன். அதனால் பெட்டி அடுக்குகிற ஆட்களின் பாட்டு என்று எடுத்துக்கொண்டேன். பெட்டி விழுந்து இத்தனை பேர் சாவார்களா என்று மட்டும் யோசித்ததுண்டு. ஒருநாள் உடுப்புக் காயப்போடும்போது பெருமையாக, “மை சன் ஸ்டொக்மேன்” என்றேன். அவர் குழாயைக் கீழே போட்டுவிட்டு வேலியடிக்கு வந்தார். எத்தனை என்று கேட்டார். “பிளென்டி. ரைஸ், டின் ஃபிஷ், ஓல்” என்றேன். மனுசன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

படியில் இருந்த ரவியின் மகள் அபிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. “அப்பம்மா, அது ஷெல்ஃப் இல்லை. ஸ்டொக் எண்டா அங்க மாடு. அவர் மாட்டுக்காரரைப் பற்றிப் பாடுறார்.”

உடுப்புக் கூடையைக் கீழே வைத்தேன். அதன் பிறகு பின்னேரங்களில் கதிரை போட்டிருந்து, அபியைக் கொண்டு ஒவ்வொரு பாட்டாக அர்த்தம் கேட்டேன். வெள்ளைக்காரர் அங்கே குடியேறி, கண்ணுக்கெட்டாத வெளிகளில் மந்தை சாய்த்த காலத்துப் பாட்டுகள். குதிரையால் விழுந்து ஒருவன், தாகத்தில் ஒருவன். வெள்ளத்தில் மந்தையைக் கடத்தப்போய் ஒருவன். அவனுடைய முழுப்பெயர் எவருக்கும் தெரியாததால் மந்தையின் குறியைப் பலகையில் சுட்டுத் தலைமாட்டில் நட்டார்களாம். அந்த நிலத்தில் முதலே இருந்த ஆட்கள் பாட்டில் வருகிறார்களோ என்று கேட்கச் சொன்னேன். பெரும்பாலும் வருவதில்லை என்றார் கொலின். செத்தவனை எந்தப் பாட்டிலாவது முதலாளி ஆக்கினார்களோ என்றும் கேட்டேன். அதற்கு உடனே இல்லையென்று தலையை ஆட்டினார். கூலிக்காரனாகவே செத்தான், கூலிக்காரனாகவே பாடினார்கள்.

செல்லையாவும் வெள்ளத்தில் போனவர்தான். கார்த்திகை மழைக்குக் குளம் நிரம்பி வழிந்து வான் பாய்ந்தது. ஒன்பது மாடு ஒரு மேட்டில் நின்றன. எட்டைக் கரை சேர்த்தார். மற்றது சினைப்பசு. அதற்காகத் திரும்பினார். பசு தானாக நீந்தி வந்துவிட்டது. அவரை மூன்றாம் நாள் எடுத்தார்கள். செத்தவரின் சீவியத்தைப் பாட்டாகக் கட்டி முப்பத்தோராம் நாள் அச்சடித்துக் கொடுப்பது எங்கள் வழக்கம். கல்வெட்டு என்போம். சண்டையில் சனம் இடம்பெயர்ந்து மரத்துக்குக் கீழே கிடந்த காலத்தில் அவருக்கு யார் கல்வெட்டு அச்சடிப்பது?

இந்த வருஷம் முப்பதாவது நினைவு. ரவி ஒரு புத்தகம் அடிக்கிறான். ஹரோவில் ஒருவர் பாட்டுக் கட்டிக்கொடுத்தார். அபி வாசித்துக் காட்டினாள். “பெருங் கமக்காரர்” என்றும், பொன்னாய் விளைந்த வயல் என்றும் வந்தது. இது யாருடைய மனுசன் என்று கேட்டேன்.

“அம்மா, சம்பந்தி ஆக்களும் வருவினம். மாடு மேய்ச்சவர் எண்டு அச்சடிக்கிறதோ?” என்றான் ரவி.

“மேய்ச்சவர்தானே.”

“கமக்காரர் எண்டால் என்ன குறை?”

“எங்களுக்கு ஒரு துண்டு வயல் இருந்ததோ, ரவி?”

அவனில் எனக்குக் கோபம் இல்லை. கணக்குப் பிழைத்தால் வாத்தியார் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்வது, படிக்காவிட்டால் மாடு மேய்க்கத்தான் போவாய் என்று. மற்றப் பிள்ளைகளுக்கு அது பேச்சு. இவனுக்கு அது தகப்பன். வகுப்பே திரும்பி இவனைப் பார்க்குமாம். அந்தப் பார்வைக்கு இவன் இன்னும் பதில் தேடுகிறான். ஆனால் அந்த மனுசன் பட்டி பார்த்த பாலில்தான் ஐந்தும் வளர்ந்தன. வயல் விளைந்ததென்று எழுதினால், வெள்ளத்தில் போனவர் யார்?

ஒரு பக்கம் எனக்கு விடச் சொன்னேன். “நீங்கள் எழுதித் தாங்கோ, போடுறன்” என்றான். எனக்கு ஏலாது என்ற நினைப்பு அவனுக்கு. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பதினொரு நாள் இருந்து எழுதிய பக்கம் இது. ஊருக்கும் போகும், கனடாவுக்கும் போகும். வாசிக்கிற நீங்கள் அறியவேண்டியது ஒன்றுதான்: முத்தையா செல்லையா மாட்டுக்காரன். மாட்டுக்காகச் செத்தார்.

இந்த நாட்டுக்கு வந்தபோது குரோய்டன் விசாக் கந்தோரில் என் விரல்களைக் கண்ணாடியில் வைத்து அடையாளம் எடுத்தார்கள். சுடவில்லை, மெல்லப் பிடித்து அமர்த்தினார்கள். விற்ற மாட்டில் பழைய குறிக்குப் பக்கத்தில் புதுக்குறி விழும். பழையது அழியாது, அந்த இடத்தில் மயிர் முளைக்காது. எங்கள் மாடுகள் இப்போது உயிரோடு இரா. அவற்றின் கன்றுகளின் கன்றுகள் வேறு யாருடையவோ எழுத்தோடு நிற்கும். இரண்டு எழுத்தோடு நிற்பது நான்தான்.

அபி சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போகிறவள், என் கோணல் எழுத்தும் அவளுக்குப் பிடிபடும். ரவி குசினியில் தேத்தண்ணி ஊற்றுகிறான்.

இந்தா பிள்ளை, முதலிலயிருந்து வாசி. மாடு எண்டு வாற இடமெல்லாம் சத்தமாய் வாசி. குசினியில நிக்கிற கொப்பாவுக்குக் கேக்கோணும்.